அச்சில் வார்த்த நீலம்: மைசீனியரின் கண்ணாடி நகைகள்

1868இல் ஆல்பிரட் பிலியோட்டி என்ற பிரிட்டிஷ் துணைத் தூதர், ரோட்ஸ் தீவின் இயலிசோஸ் பகுதியில் பாறையைக் குடைந்து அமைத்த பழைய கல்லறைகளைத் தோண்டத் தொடங்கினார். அந்த வேலைக்குப் பணம் கொடுத்தவர்களில் கலை விமர்சகர் ஜான் ரஸ்கினும் ஒருவர். கிடைத்த பொருள்கள் 1870இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பானைகளோடும் பிற நகைகளோடும் கட்டைவிரல் அளவுக்குச் சின்னச் சின்னக் கண்ணாடி வில்லைகளும் அவற்றில் இருந்தன. இவை எந்தக் காலத்தவை, எந்த மக்களுடையவை என்று அப்போது யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. 1876இல் ஹைன்ரிஷ் ஷ்லீமான் என்ற ஜெர்மன் அகழாய்வாளர் கிரேக்கத்தின் மைசீனிக் கோட்டைக்குள் தோண்டி, தங்க முகமூடிகளை வெளியே எடுத்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. இயலிசோஸ் வில்லைகளும் அதே நாகரிகத்தைச் சேர்ந்தவை: கி.மு. இரண்டாம் ஆயிரத்தில் கிரேக்கத்தில் வாழ்ந்த மைசீனியருடையவை.

அந்தத் தங்கம் வந்த வேகத்தில் கண்ணாடி பின்னுக்குப் போய்விட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஏதென்ஸை அடுத்த ஸ்பாட்டா (1877), மெனிதி (1879) கல்லறைகளில் இதே மாதிரியான வில்லைகள் ஏராளமாகக் கிடைத்தன. மைசீனியைச் சுற்றியுள்ள அறைக் கல்லறைகளைக் கிரேக்க அகழாய்வாளர் கிறிஸ்தோஸ் த்சுந்தாஸ் தோண்டியபோதும் வந்தன. அறிக்கைகளில் அவற்றுக்குக் ‘கண்ணாடிப் பசை’ என்று ஒரு பெயர் வைத்தார்கள். அசல் ரத்தினக் கல்லுக்குப் பதிலாக அச்சில் ஊற்றிச் செய்த மலிவு நகை என்ற எண்ணம் அப்போதே ஒட்டிக்கொண்டது. இன்றும் பொதுவான புத்தகங்களில் இதைப் பார்க்கலாம்: தங்கம் வாங்க முடியாதவன் கண்ணாடி போட்டுக்கொண்டான் என்பார்கள். கண்ணாடி நமக்கு மலிவு என்பதால் வந்த கணக்கு இது. அந்தக் கண்ணாடி எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது என்று பார்த்தால் இந்தக் கணக்கு நிற்காது.

முதலில் பொருளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். சுருள் முடி வடிவ வில்லை என்று ஒரு வகை உண்டு. மேலே ஒரு பட்டை, அதிலிருந்து கீழே இறங்கும் ஒரு தண்டு, நுனியில் வளைந்து சுருண்ட முடிக்கற்றை. பின்பக்கம் தட்டை, வேலைப்பாடு எல்லாம் முன்பக்கம்தான். மேல் பட்டைக்குக் குறுக்கே, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை நூல் கோக்கும் துளை. இருபது முப்பது வில்லைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோத்தால் நெற்றியில் வரிசையாகச் சுருள்முடி தொங்குவதுபோல் இருக்கும். அதனால்தான் இவற்றைத் தலையணியின் உறுப்புகள் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மற்ற வடிவங்களில் பூவட்டம், ஐவி இலை, லில்லி, பப்பைரஸ் பூ, சுருள்வளையம், எட்டு வடிவக் கேடயம் ஆகியவை அடிக்கடி வருகின்றன. கடலிலிருந்து ஆர்கனாட் வருகிறது. ஓடு சுமந்து மிதக்கும் ஒருவகை ஆக்டோபஸ் அது. கிரீட் தீவுக் கலைஞர்களின் செல்லப்பிள்ளை. வடிவங்களில் பெரும்பாலானவை மைசீனியருக்கு முன்பே கிரீட்டில் செழித்த மினோவன் மரபிலிருந்து வந்தவைதான். அவற்றை எடுத்து, சுருக்கி, திரும்பத் திரும்ப வார்க்கக்கூடிய அலகுகளாக ஆக்கியது மைசீனியரின் வேலை. உருவக் காட்சி உள்ள வில்லைகள் குறைவு. மைசீனியில் கிடைத்த ஒன்றில் சிங்கத் தலை கொண்ட தேவகணங்கள் குடம் ஏந்தி நிற்கின்றன. டென்ட்ராவில் கிடைத்தவற்றில் ஒரு பெண் காளைமேல் உட்கார்ந்து போகிறாள். பிற்காலக் கிரேக்கப் புராணத்தில் காளை உருவில் வந்த சீயஸ் தூக்கிச் சென்ற யூரோப்பாவை இவளோடு இணைக்கிறவர்கள் உண்டு. பல நூற்றாண்டு இடைவெளியைத் தாண்டிப் பெயர் வைப்பது எனக்குக் கொஞ்சம் அவசரமாகவே படுகிறது.

மியூசியத்தில் பார்க்கிறவர்களுக்கு இந்த நகைகள் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வெளிறிய சாம்பல், அழுக்கு வெள்ளை, சில இடங்களில் எண்ணெய் படர்ந்த தண்ணீரைப்போல் நிறம் மாறும் மேல்தோல். இது செய்தபோது இருந்த நிறம் அல்ல. ஈர மண்ணில் மூவாயிரம் ஆண்டுக்கு மேல் கிடந்ததில் கண்ணாடியின் சோடா சத்து கரைந்து வெளியேறி, சிலிக்கா மட்டும் மேலே தோலாக நின்றுவிட்டது. தோல் உரிந்த இடத்தில் எட்டிப் பார்க்கும் நிறம்தான் அசல். பெரும்பாலும் அடர் நீலம்.

சரி, இதை எப்படிச் செய்தார்கள்? மைசீனியிலும் வேறு சில இடங்களிலும் கல் அச்சுகள் கிடைத்திருக்கின்றன. கல்சட்டி செய்கிறோமே, அதே மாக்கல் குடும்பம்தான். வெண்கல உளிக்கே குழைந்து கொடுக்கும். நெருப்பில் சட்டென்று வெடிக்காது. செவ்வகக் கட்டியின் ஒரு முகத்திலேயே நாலைந்து வடிவங்களைக் குடைந்திருப்பார்கள். சில கட்டிகளில் எல்லா முகங்களிலும் வேலை இருக்கும். குழிகளுக்குக் குறுக்கே மெல்லிய காடிகள் ஓடுகின்றன. அந்தக் காடியில் கம்பியைப் படுக்க வைத்துக் கண்ணாடியை இட்டால், பிறகு கம்பியை உருவும்போது நூல் துளை தயாராக இருக்கும். ஆறிய கண்ணாடியில் துளை போடுவது எவ்வளவு சிரமம் என்பது மணிவேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே வார்க்கும்போதே துளைக்கு வழி செய்துவிட்டார்கள்.

அச்சுக்குள் கண்ணாடி எப்படிப் போனது என்பதில்தான் வாதம். அக்கால உலைகள் எட்டிய ஆயிரம் டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் கண்ணாடி தண்ணீராக ஓடாது, பாகாகத்தான் நகரும். குழியில் ஊற்றினால் மயிரிழைக் கோடுகளுக்குள் இறங்குவதற்குள் இறுகிவிடும் அபாயம் உண்டு. அதனால் குழைந்த நிலையில் வைத்து மேலிருந்து அழுத்தினார்கள் என்பது ஒரு கருத்து. கண்ணாடியைத் தூளாக்கியோ சில்லாக்கியோ குழியில் நிரப்பி, அச்சோடு சேர்த்து உலையில் வைத்து உருக்கினார்கள் என்பது இன்னொன்று. கல் அச்சு மூல வடிவம் மட்டுமே. அதிலிருந்து மெழுகில் படி எடுத்து, அந்த மெழுகின் மேல் களிமண் பூசி, ஒருமுறை மட்டும் பயன்படும் அச்சில்தான் வார்த்தார்கள் என்றும் சொல்கிறார்கள். இதே வடிவங்கள் தங்கத்திலும் கிடைக்கின்றன என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மெல்லிய தங்கத் தகட்டைக் கல் அச்சில் வைத்துத் தேய்த்தால் புடைப்பு உருவம் விழுந்துவிடும். ஓர் அச்சு இரண்டு வேலைக்கும் உதவியிருக்கலாம். ஒரே முறைதான் எல்லாப் பட்டறையிலும் இருந்தது என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை என்றே தோன்றுகிறது. முந்நூறு ஆண்டு ஓடிய ஒரு தொழில் அப்படி இருப்பதில்லை.

இனி கண்ணாடிக்கு வருவோம், வார்ப்பு வேலைக்கு முந்தைய கட்டத்துக்கு. கண்ணாடியை மணலிலிருந்தும் சாம்பலிலிருந்தும் புதிதாக உண்டாக்குவது வேறு தொழில். உண்டாக்கிய கண்ணாடியை உருக்கி நகையாக்குவது வேறு தொழில். கி.மு. இரண்டாம் ஆயிரத்தில் முதல் தொழில் மெசொப்பொத்தேமியாவிலும் எகிப்திலும் இருந்தது. குவார்ட்ஸ் கல்லைப் பொடியாக்கி, உமரி மாதிரியான உப்புநிலச் செடிகளை எரித்த சாம்பலோடு சேர்த்து மூசையில் உருக்குவார்கள். எகிப்தில் அமர்னாவிலும் கந்திரிலும் அந்த மூசைகளின் உடைசல்கள் கிடைத்திருக்கின்றன. கிரேக்கத்தில் அப்படிப்பட்ட முதல்நிலைத் தயாரிப்புக்கு எல்லோரும் ஏற்கும் சான்று எதுவும் இதுவரை வெளிப்படவில்லை. இரண்டாம் தொழிலுக்கான தடயம் மட்டும் டிரின்ஸ் போன்ற அரண்மனைக் கோட்டைகளில் கிடைத்திருக்கிறது. அதாவது மைசீனியப் பொற்கொல்லன் கையில் எடுத்த ஒவ்வொரு துண்டுக் கண்ணாடியும் பெரும்பாலும் கடல் கடந்து வந்தது.

எப்படி வந்தது என்பதை ஒரு கப்பல் விபத்து காட்டிக் கொடுத்தது. 1982இல் துருக்கியின் காஷ் நகருக்கு அருகே, உலுபுருன் முனைக்கடலில் கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர் ‘காது வைத்த உலோக பிஸ்கட்’ போன்ற பொருள்களைப் பார்த்ததாகச் சொன்னார். அவை செப்புப் பாளங்கள். 1984 முதல் 1994 வரை ஜார்ஜ் பாஸ், ஜெமால் புலாக் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. கி.மு. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூழ்கிய கப்பல் அது. சுமார் பத்து டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம், அவற்றோடு வட்டமான கண்ணாடிப் பாளங்கள் ஏறக்குறைய 175. ஒவ்வொன்றும் உள்ளங்கையை நிறைக்கும் அளவுக்குப் பருமனானது. பெரும்பாலும் கோபால்ட் நீலம். சில செம்பு தரும் பச்சைநீலம். ஊதா நிறமும் உண்டு. பாளங்களின் வடிவம் எகிப்திய மூசைகளின் உட்புறத்தோடு பொருந்துகிறது. வேதியியல் ஆய்வும் எகிப்தைத்தான் காட்டியது.

அதே கப்பலில் மைசீனிய பாணி வாள்கள், முத்திரைக் கற்கள், அச்சில் வார்த்த கண்ணாடி மணிகள் ஆகியவையும் கிடந்தன. சரக்காக அல்ல, ஆட்களின் சொந்தப் பொருளாக. இவற்றை வைத்து மைசீனியப் பிரமுகர்கள் இருவர் கப்பலில் பயணம் செய்திருக்க வேண்டும் என்று புலாக் கருதுகிறார். எனக்கு இந்தக் கப்பலில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: கீழ்த்தளத்தில் மூலப்பொருள் பாளமாக அடுக்கியிருக்கிறது, மேலே அதே பொருளை நகையாக அணிந்தவர்கள் பயணம் செய்கிறார்கள்.

நீலம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் தடம் இருக்கிறது. கண்ணாடிக்கு அடர் நீலம் தரக் கோபால்ட் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே போதும். எகிப்தின் மேற்குப் பாலைவனச் சோலைகளான கார்கா, தக்லா பகுதிகளில் கிடைத்த படிகாரத்தில் கோபால்ட் கலந்திருந்தது. கூடவே துத்தநாகம், நிக்கல், மாங்கனீசும். இந்த உடன்பிறப்புகள் கண்ணாடிக்குள்ளும் அப்படியே வந்துவிடும். 2009இல் வெளியான ஓர் ஆய்வு, மைசீனியக் கண்ணாடிகளில் மிக நுண்ணிய அளவில் உள்ள தனிமங்களை அளந்து பார்த்தது. கோபால்ட் நீலம் எகிப்தோடு ஒத்துப்போனது. செம்பால் நீலமான கண்ணாடி மெசொப்பொத்தேமியாவோடு ஒத்துப்போனது. ஆக, ஒரே பட்டறையில் இரண்டு நாட்டுச் சரக்கு புழங்கியிருக்கிறது.

அந்தச் சரக்கு யாருக்கும் எளிதில் கிடைக்கவில்லை என்பதற்கு எகிப்திய அரசவையின் களிமண் பலகைக் கடிதங்களான அமர்னாக் கடிதங்கள் சாட்சி. எகிப்திய பேரரசனே கண்ணாடி கேட்டிருக்கிறான். அஷ்கெலோன், டயர் நகர்களின் சிற்றரசர்கள் ‘தங்கள் கட்டளைப்படி கண்ணாடி அனுப்பியிருக்கிறேன்’ என்று பணிந்து பதில் எழுதுகிறார்கள். துத்தன்காமுனின் புகழ்பெற்ற தங்க முகமூடியில் புருவம் லாபிஸ் லாசுலி என்ற நீல ரத்தினக் கல். தலைத்துணியின் நீலப் பட்டைகளோ கண்ணாடி. பேரரசனின் முகத்தில் இரண்டும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. போலி என்று யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

கிரேக்கத்துக்கு லாபிஸ் லாசுலி வரவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலையில் வெட்டிய அந்தக் கல், கிழக்கு நாட்டு உருளை முத்திரைகளாகக் கூட்டமாகத் தீப்ஸ் அரண்மனையில் 1963இல் கிடைத்தது. அசல் என்ன என்பது மைசீனிய அரண்மனைகளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் கண்ணாடியையும் வாங்கிக் குவித்தார்கள்.

அரண்மனைக் கணக்குகளிலும் கண்ணாடி வருகிறது. மைசீனியர் களிமண் பலகைகளில் லீனியர் பி எழுத்தில் கணக்கு எழுதினார்கள். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அதைப் படித்துக் காட்டினார். பைலோஸ் அரண்மனையின் பட்டியல் ஒன்றில் மேசைகளும் நாற்காலிகளும் வரிசையாக வருகின்றன: இன்ன மரம், இன்ன தந்தம், இதில் தங்கம் பதித்தது, இதில் ‘குவனோ’, அதாவது நீலக் கண்ணாடி பதித்தது. மைசீனிப் பலகைகளில் ‘குவனோ வேலையாட்கள்’ என்று ஒரு கூட்டமே வருகிறது; அரண்மனையிடமிருந்து பொருள் பெறுகிறவர்களின் பட்டியலில் அவர்கள் இருக்கிறார்கள். பிற்காலக் கிரேக்கத்தில் இதுவே ‘கயனோஸ்’. ஹோமரின் இலியத்தில் மைசீனி மன்னன் அகமெம்னனின் மார்புக்கவசத்தில் பத்துப் பட்டை கருங்கயனோஸ், பன்னிரண்டு தங்கம், இருபது வெள்ளீயம். ஒடிசியில் அல்சினூஸ் மன்னனின் வெண்கலச் சுவருக்கு மேலே கயனோஸ் விளிம்பு ஓடுகிறது. வெறும் கற்பனை என்று நினைத்திருந்தார்கள். 1884-85இல் டிரின்ஸ் அரண்மனையைத் தோண்டியபோது, நீலக் கண்ணாடி பதித்த வெண்பளிங்கு விளிம்புப் பட்டை அப்படியே வெளியே வந்தது. நகைக்குப் போன அதே பொருள் சுவருக்கும் போயிருக்கிறது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், மூலப்பொருள் வரும் வழி அரண்மனையின் கையில் இருந்தது, வேலையாட்களும் அதன் சோற்றில் இருந்தார்கள். அப்படியானால் அச்சு எதற்கு? மலிவாகப் பெருக்குவதற்கு என்று சொல்வது நம் காலத்துத் தொழிற்சாலைப் புத்தி. ஒரே வடிவம் மாறாமல் திரும்ப வருவதுதான் அங்கே வேண்டியிருந்தது என்பது என் எண்ணம். ஒரு மாலையில் ஐம்பது பூவட்டமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். தென் கிரேக்கத்தின் பெலோப்பொனிசில் ஒரு சீமாட்டியின் கழுத்தில் இருக்கும் ஐவி இலை, ரோட்ஸில் இன்னொருத்தியின் கழுத்திலும் அடையாளம் காணும்படி இருக்க வேண்டும். பார்த்ததுமே இவர் இன்ன வட்டத்து ஆள் என்று தெரிந்துவிடும். அரண்மனை தனக்கு வேண்டியவர்களுக்குக் கொடுத்து, அவர்களைத் தன்னோடு கட்டிப்போட இது தோதான பொருள் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். தங்கத்தை உருக்கி வேறாக்கிவிடலாம். வார்த்த கண்ணாடி அரண்மனை கொடுத்த உருவத்தோடுதான் கைக்குக் கை மாறும்.

இந்த விளக்கத்துக்கு இடைஞ்சலாக ஒரு விஷயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சில வில்லைகளின் மேல் மெல்லிய தங்க ரேக்கை ஒட்டிப் போர்த்தியிருக்கிறார்கள். நீலம்தான் எல்லாம் என்றால் அதை ஏன் மூட வேண்டும்? உள்ளே கண்ணாடியை வைத்துத் தங்க நகை என்று காட்டிக்கொள்ளத்தான் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் உள்ளீடு வேண்டும் என்றால் மரமோ களிமண்ணோ போதுமே. வெளிநாட்டிலிருந்து வந்த நீலக் கண்ணாடியை யாராவது திணிப்பார்களா? தங்கமும் கயனோஸும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற ஒரு வழக்கம் பைலோஸ் மேசைகளிலும் இருக்கிறது, அகமெம்னனின் கவசத்திலும் இருக்கிறது. ரேக்கு வில்லையின் முழு முகத்தையும் மூடியதா, பாதியை விட்டு நீலத்தைக் காட்டியதா என்பதைப் பொறுத்தும் பொருள் மாறும். ரேக்கு பெரும்பாலும் கிழிந்தே கிடைப்பதால் இதை ஒவ்வொரு வில்லையாகத்தான் தீர்மானிக்க முடியும்.

இன்னொன்று, கண்ணாடி எல்லாக் காலத்திலும் ஒரே உயரத்தில் இருக்கவில்லை. கி.மு. 15ஆம் நூற்றாண்டில், ககோவாதோஸ் போன்ற தேன்கூட்டு வடிவக் கல்லறைகளில், மிகப் பெரிய இடத்து மனிதர்களோடு மட்டும் புதைந்தது. 14, 13ஆம் நூற்றாண்டுகளில் சாதாரண அறைக் கல்லறைகளிலும் வரத் தொடங்கியது. சில இடங்களில் இரண்டு மூன்று மணி மட்டும். இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்தால் ‘ஏழையின் தங்கம்’ என்று சொல்லத் தோன்றும்தான். மேலிருந்து கீழே இறங்கிவந்த பொருள் அது. கீழே பிறந்தது அல்ல.

கி.மு. 1200ஐ ஒட்டி அரண்மனைகள் எரிந்தன. அவற்றோடு கணக்கு எழுதுவதும் நின்றது, குவனோ வேலையாட்களுக்குப் படி அளப்பதும் நின்றது, கிழக்கிலிருந்து பாளம் வருவதும் குறைந்தது. புதிய புடைப்பு வில்லைகள் அருகிப்போயின. ஆனாலும் கண்ணாடி முற்றாக மறையவில்லை. நடுக் கிரேக்கத்தின் எலாத்தியாக் கல்லறைகளில் அதற்குப் பிந்தைய மணிகள் சிலவற்றைச் சோதித்தபோது சேர்மானமே வேறாக இருந்தது: சோடாவோடு பொட்டாசியமும் சம அளவை ஒட்டிக் கலந்த கண்ணாடி. எகிப்திலும் மெசொப்பொத்தேமியாவிலும் அந்தக் காலத்தில் அப்படிச் செய்யவில்லை. வட இத்தாலியில், போ ஆற்றுச் சமவெளியில் இருந்த ஃப்ரத்தெசினா என்ற ஊரின் பட்டறைகளில் கிடைக்கும் கண்ணாடி அந்த வகை. கப்பல் வரும் திசையே கிழக்கிலிருந்து மேற்குக்கு மாறிவிட்டது. அங்கிருந்து வந்தவை கம்பியில் சுற்றி எடுத்த உருண்டை மணிகள், அச்சு வேலை அவற்றில் கிடையாது.